எழுவதற்குப் பெயர் சொல்லுதல்

மியான்மரின் யாங்கோனில் பருப்பு வணிகம் செய்பவர்களுக்குப் பொழுது கைப்பேசியில்தான் விடிகிறது. பயின்நௌங் சந்தையில் உளுந்து என்ன விலைக்குத் திறந்தது, சென்னையில் என்ன கேட்கிறார்கள், டாலர் எங்கே நிற்கிறது என்ற மூன்றும் தெரியும்வரை பல் துலக்கக்கூட மனம் வராது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். 2017 ஆகஸ்டில் துவரைக்கும் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் இந்தியா இறக்குமதி வரம்பு விதித்தபோது, கிடங்கில் அடுக்கியிருந்த மூட்டைகளின் மதிப்பு கண்ணெதிரே சரிந்தது. இந்த நாட்டு உளுந்துக்கு இந்தியாவைப் போல் வேறொரு பெரிய வாடிக்கையாளர் இல்லை. அந்த ஆண்டு உறக்கம் போனது. அதைவிடப் பெரிய இழப்பு, வீட்டில் ஒருவரும் என்னிடம் இயல்பாக வாய் திறக்க முடியாமல் போனதுதான்.

அடுத்த ஆண்டு திஞ்ஜான் விடுமுறையில், பக்கத்துக் கடையின் பர்மிய நண்பர் என்னை பஹான் பகுதியிலுள்ள மகாசி தியான மையத்துக்கு அழைத்துச் சென்றார். நம் சித்திரைப் புத்தாண்டும் அவர்களுடைய தண்ணீர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் வருகின்றன. ஊரே நனைந்து ஆடும் அந்த நாட்களில் மடங்களுக்குச் சென்று அமர்ந்துவிடும் பர்மியர்கள் ஏராளம். நான் பத்து நாட்கள் தங்கினேன். விடியலுக்கு வெகுமுன்பே மணி அடிக்கும். நண்பகலுக்குப் பிறகு உணவு இல்லை. ஒரு மணி நேரம் அமர்வதும் ஒரு மணி நேரம் நடப்பதும் மாறி மாறி வரும். நடக்கும்போது கால் தூக்குவதையும் நகர்த்துவதையும் வைப்பதையும் அறிய வேண்டும். அமரும்போது மூச்சினால் அடிவயிறு உப்புவதையும் வடிவதையும் அறிய வேண்டும். ஓசை கேட்டால் ‘கேட்கிறது’, கால் வலித்தால் ‘வலி’, எண்ணம் ஓடினால் ‘நினைப்பு’ என்று உள்ளுக்குள் மெல்லப் பெயர் சொல்லிவிட்டு வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். மகாசி சயாடோ என்னும் துறவி (1904–1982) 1949இல் யாங்கோனுக்கு வந்து பரவலாக்கிய முறை இது.

வீடு திரும்பியதும் என் அத்தைக்குக் கவலை வந்துவிட்டது. “நம்ம சாமியை விட்டுட்டுப் போறியாப்பா?” என்று கேட்டார். “இல்லத்தை, விளக்கேத்திட்டுத்தான் உக்காருறேன்” என்றேன். இன்றுவரை அப்படித்தான். இந்தத் தயக்கம் எனக்கு முன்பே ஓர் இந்திய வணிகருக்கு இருந்திருக்கிறது. மாண்டலேயில் பிறந்து, பின்னர் தியான ஆசிரியரான எஸ். என். கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் ஊ பா கின்னிடம் வந்தபோது, இந்துவாகிய தனக்கு இது ஒத்துவருமா என்று தயங்கினார். பர்மாவின் தலைமைக் கணக்கு அதிகாரியாக அலுவல் பார்த்துக்கொண்டே தியானமும் கற்பித்த ஊ பா கின், தலைவலி தீர்வதற்காக என்றால் வர வேண்டாம் என்று முதலில் திருப்பியும் அனுப்பியிருக்கிறார். அவர்களுடைய முறை வேறு. மூக்கு நுனியில் மூச்சைக் கவனித்து, பிறகு உடல் முழுவதும் உணர்ச்சிகளைக் கவனிப்பது அது. ஆனாலும் அந்த மறுப்பு என்னைப் பல முறை யோசிக்க வைத்தது, ஏனென்றால் நானும் உறக்கம் வர வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடுதான் போனேன்.

உறக்கம் உடனே வரவில்லை. கிடைத்தது வேறொன்று, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மையத்தில் முதல் மூன்று நாட்கள், கற்பித்தபடியே ‘ஃபௌங்டெ, பெய்ன்டெ’ என்று வயிறு உப்புவதையும் வடிவதையும் பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பேசும் மொழி என்றாலும், முழங்கால் வலி உச்சத்துக்கு ஏறியபோது அந்த மொழியின் சொற்கள் வலியின் மேல் ஒட்டவில்லை. எனக்கு வலிப்பதும் எரிவதும் தமிழில்தான். வழிகாட்டும் துறவியிடம் இதைச் சொன்னபோது, உள்ளே எந்த மொழியில் பேசிக்கொள்கிறாயோ அதிலேயே சொல் என்றார். அன்று மாலை ‘உப்புகிறது, வடிகிறது’ என்று தொடங்கினேன். வலியை ‘வலி’ என்று அழைத்த பிறகுதான், அது ஒன்றாக இல்லாமல் குத்தலாகவும் கடுப்பாகவும் மரத்துப்போதலாகவும் பிரிந்து மாறிக்கொண்டே இருப்பது தெரிந்தது.

கோபத்துக்கும் அப்படித்தான் என்பதை அறியக் கூடுதலாக ஓராண்டு ஆனது. அதற்குள் தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு அமரும் பழக்கம் படிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் தொடங்கி முக்கால் மணி நேரமாக வளர்ந்தது. ஒரு நாள் கடையில் ஏற்றிய சுமையில் மூன்று மூட்டை குறைவதாக வாங்கியவர் அழைத்துச் சொன்னார். எண்ணி ஏற்றிய பையன் எதிரே நின்றான். காதுமடல் சுட்டது, பற்கள் இறுகின, நாக்கின் கீழ் ஒரு வசைச்சொல் தயாராக நின்றது. ‘கோபம், கோபம்’ என்று சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. பெயர் பொருந்தாவிட்டால் அது அசையாது என்பதை விடியற்காலைகள் எனக்குப் பழக்கியிருந்தன. மறுபடி உள்ளே பார்த்தேன். வயிற்றின் அடியில் குளிர்ச்சியாக ஏதோ கிடந்தது. ‘அச்சம்’ என்றேன்; அப்பா காலத்திலிருந்து வாய்ச்சொல்லை நம்பியே சரக்குக் கொடுக்கும் சந்தையில் எங்கள் பெயர் கெட்டுவிடுமோ என்ற அச்சம். அதற்கும் கீழே வேறொன்று இருந்தது: ‘வெட்கம்’. அன்று காலை அவசரத்தில் துண்டுச் சீட்டு எழுதியது நான்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “ஊலே (மாமா), சீட்டைக் கொண்டுவரவா?” என்று பையன் பர்மிய மொழியில் கேட்டான். சீட்டில் என் கையெழுத்தில் மூன்று கூடுதலாக இருந்தது. வாங்கியவரை அழைத்துப் பிழை என்னுடையது என்று சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளாக ‘நான் கோபக்காரன்’ என்றே என்னை நினைத்திருந்தேன். மனைவியும் உறவினர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் நான் பயந்தவன். ஆத்திரம், எரிச்சல், கடுப்பு, மனத்தாங்கல், பொருமல் என்று தமிழில் இத்தனை சொற்கள் இருந்தும், நான் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதி வந்திருக்கிறேன். இது தெரிந்த பிறகு மற்றவர்களின் சினமும் வேறு மாதிரித் தெரிகிறது. தொலைபேசியில் கத்தும் தரகர் எதற்கு அஞ்சுகிறார் என்ற கேள்வி இப்போது முதலில் எழுகிறது. பதில் சொல்லும் சொற்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

விழிப்புணர்வைக் குறிக்கும் ‘சதி’ என்னும் பாலிச் சொல்லை இங்கே ‘ததி’ என்று ஒலிப்பார்கள். ‘ததி தா’ என்றால் கவனமாக இரு என்று பொருள். படியில் இறங்கும் குழந்தையிடம் தாய் சொல்லும் சொல் அது. 1979இல் அமெரிக்காவின் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளுக்கு மனவிழிப்புப் பயிற்சியாக அமைத்ததும், இன்று கைப்பேசிச் செயலிகளில் விற்பதும் இந்தச் சொல்லிலிருந்து கிளைத்தவைதான். எனக்கு அந்தத் தாயின் குரலே போதுமானதாக இருக்கிறது. மனம் மிகவும் நொந்திருப்பவர்கள் தனியாக நீண்ட நேரம் அமராமல், முதலில் மருத்துவரையும் அனுபவமுள்ள ஆசிரியரையும் பார்ப்பதே நல்லது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். மௌனத்தில் பழையவை எல்லாம் மேலே வரும்.

இப்போது மின்சாரம் முறை வைத்து வருகிறது. விடியற்காலையில் பெரும்பாலும் இருட்டுத்தான்; அகல்விளக்கு மட்டும் எரியும். மகன் சிங்கப்பூருக்குப் போன பிறகு, அமர்ந்த சில நிமிடங்களில் நெஞ்சின் நடுவே ஒன்று எழுகிறது. ‘ஏக்கம்’ என்று சொல்லிப் பார்த்தேன், பொருந்தவில்லை. ‘துக்கம்’ என்றேன், அதுவும் இல்லை. ‘பெருமை’ கொஞ்சம் கலந்திருக்கிறது, ஆனால் அது முழுப் பெயர் இல்லை. சொல் கிடைக்காத நாட்களில் அதை அப்படியே இருக்க விட்டு வயிற்றுக்குத் திரும்புகிறேன். உப்புகிறது, வடிகிறது.