நிழலைக் கோடாக்கும் வேலை

தக்கலையில் நான் வேலை செய்யும், கட்டையில் உருவம் வெட்டி மை தடவிப் பதிக்கும் அச்சுப் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் பத்மநாபபுரம் அரண்மனைப் பூக்களைத்தான் கேட்பார்கள். ஓட்டல் அறையில் மாட்ட ஒரு படம், கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு ஓரம், புது வீட்டுக்கு ஒரு பரிசு. போட்டோவை நீட்டி, இதை அப்படியே அச்சில் எடுத்துத் தாருங்கள் என்பார்கள். அவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதையும் என் வேலையின் ஒரு பகுதியாகத்தான் நினைக்கிறேன்.

அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இன்று பார்க்கும்போது அதில் மரமும் நிழலும்தான் இருக்கின்றன, நிறம் கிடையாது. இதழின் ஓரத்தை எவ்வளவு கீழே இறக்கினால், தரையில் நிற்பவர் கண்ணுக்கு அது எவ்வளவு இருட்டாகத் தெரியும்? செதுக்கியவர்களின் கணக்கெல்லாம் அதில்தான் இருந்திருக்கிறது. எங்கள் கட்டையில் அந்த ஆழம் செல்லாது. வெட்டாமல் விட்ட இடம் மையை வாங்கும், வெட்டிய இடம் காகிதத்தில் வெள்ளையாக நிற்கும். லேசாகத் தோண்டினாலும் ஆழமாகத் தோண்டினாலும் வெள்ளை ஒரே வெள்ளைதான். ஆகவே போட்டோவை வைத்து வெளிக்கோட்டை மட்டும் நகலெடுத்தால் பூ தட்டையாகச் செத்துக் கிடக்கும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் பட்டறைக்குப் பக்கத்தில் கதவும் நிலையும் செய்கிற ஒரு வயதான ஆசாரி. என் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ பூவத்தான் பாக்குத. பூவுக்கு எடையில கெடக்க குழியப் பாரு மக்ளே" என்றார். அதன்பிறகு அரண்மனைக்கு நோட்டுப்புத்தகத்தோடு போகும்போது பூவை நான் வரைவதில்லை. குழிகளை மட்டும் கறுப்பாக நிரப்புவேன். கறுப்பு சேரச் சேர, நடுவில் பூ தானாக எழும்பி வரும். எந்த நிழலைக் கறுப்பாக விடுவது, எதை நெருக்கமான கோடுகளாக்குவது, எதை மொத்தமாக விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதுதான் முக்கால்வாசி வேலை. உளி பிடிப்பது அப்புறம்.

கட்டைக்கு நம் ஊர்த் தடிக்கடையில் கிடைக்கும் பலாவும் அயினியும் எனக்குப் பிடிக்கும். பெரிய பூவுக்கு அவை சரி, மரத்தின் ரேகையும் சேர்ந்து பதியும். பூவின் மெல்லிய மகரந்தக் காம்பை ரேகைக்குக் குறுக்கே வெட்டினால் சில்லு தெறித்துப் போகும். அப்படிப்பட்ட இடத்துக்கு லினோ. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து, சணல் துணியில் படியவைத்த தரைவிரிப்பு அது. 1860களில் இங்கிலாந்தில் வீட்டுத் தரைக்காகக் கண்டுபிடித்தது, பின்னால் கலைஞர்கள் கைக்கு வந்தது. குளிர்ந்தால் இறுகும். காலை வெயிலில் சற்று நேரம் வைத்தால் உளிக்கு இணங்கும்.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு காலத்திலும் எண்ணெய் மை காய அடம்பிடிக்கும், காகிதம் ஈரத்தை வாங்கிக் கொஞ்சம் விரியும். ஒரே நிறமென்றால் சமாளிக்கலாம். நிறத்துக்கு ஒரு கட்டை என்று வைத்து அடிக்கும்போது இரண்டாவது நிறம் முதல் நிறத்தின்மேல் சரியாக உட்காராது. அதனால் பலநிற வேலைகளை வெயில் காலத்துக்கு ஒதுக்கி வைத்துவிடுவோம்.

பழைய அலங்காரக் கலையிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்கிறவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய அலங்காரக் கலைஞர் வில்லியம் மாரிஸின் வேலைமுறையைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொடியும் பறவையும் வரைந்ததோடு அவர் நிற்கவில்லை. 1875 முதல் இங்கிலாந்தில் லீக் என்ற ஊருக்குப் போய், தாமஸ் வார்டலின் சாயப்பட்டறையில் தன் கையாலேயே அவுரிச் சாயம் போடப் பழகினார். பழங்களைத் திருடும் பறவைகளோடு 1883இல் வந்த அவருடைய புகழ்பெற்ற துணி, துணி முழுவதையும் நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடத்தில் மட்டும் வெளுக்கவைத்து, மற்ற நிறங்களைக் கட்டையால் பதித்துச் செய்தது. பழமையை அவர் பொருளின் வழியாகப் படித்தார். எங்களுக்கு அந்தப் படிப்பைத் தருவது ஆசாரிகளின் பட்டறை. அதுவும் நடந்து போகிற தூரத்தில்.

அரண்மனைப் பூ ஒன்றைச் சின்னதாக்கி, நூறு தடவை அடுக்கி, பை முழுக்க அடித்துத் தரச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் கூரையில் ஒரு பூவைப்போல இன்னொன்று இல்லை என்பதுதான் அதன் அழகே. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் டிசைன்.

அதைவிட எனக்கு ஆசையான வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. கூரைப் பூக்களின் வட்டத்தையும் இதழ் அடுக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இன்றைய குமரியில் முளைப்பவற்றை அதற்குள் அமர்த்துகிறேன். அரண்மனையைக் கட்டியவர்கள் ரப்பர் மரத்தைப் பார்த்ததில்லை. இன்று கீரிப்பாறைப் பக்கம் போனால் மலைச்சரிவு பூராவும் ரப்பர்தான். அதன் மூன்று மூன்றாக நிற்கும் இலைகள், வட்டத்துக்கென்றே பிறந்தவை மாதிரி அமைந்துவிட்டன. தோவாளைச் சந்தைக்கு வரும் பிச்சிப்பூ அப்படி இல்லை. இதழ் மெல்லியது, குழி விழாது, நிழலே கிடையாது. அதற்காகப் பின்னணியை முழுக்கக் கறுப்பாக விட்டு, பூவை மட்டும் வெட்டியிருக்கிறேன். மொட்டின் வெளிப்புறம் ஓடும் இளஞ்சிவப்புக்கு இன்னொரு கட்டை வேண்டும். அரண்மனையின் உப்பரிகை மாளிகைச் சுவரோவியங்களில் இருக்கும் காவிச் சிவப்பை வெள்ளையோடு இளக்கி அடித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், மழை விட்டதும்.