ஊர் இதழைக் கொழும்பில் அச்சடிப்பவர்களுக்கு

ஊர்ச் சங்கங்கள் நடத்தும் செய்தி இதழ்களில் பல கொழும்பில்தான் அச்சாகின்றன. செய்தி ஊரிலிருந்து வரும். வடிவமைப்பு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நடக்கும். தாள் மலிபன் வீதியில் வாங்கப்படும். முடிந்த பிரதிகள் காலி வீதியில் இரவு பஸ் ஏறும். இத்தனை கை மாறும்போதுதான் பிழை நுழைகிறது.

கோயில் கொடியேறியதும் யாருடைய பிள்ளை பல்கலைக்கழகம் போனதும் அன்று பின்னேரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கனடாவில் இருப்பவருக்கும் வட்ஸ்அப்பில் போய்விடும். அதே செய்தியை இதழில் தேடிப் படிப்பவர் தன் வீட்டுப் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார். பிறகு அதை அலுமாரியில் வைத்துக்கொள்கிறார். அதனால் கட்டுரையின் நடையை விடப் பெயருக்கும் திகதிக்கும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

பெயரைத் தொலைபேசியில் கேட்டு எழுதக் கூடாது. ன, ண வேறுபாடும் ர, ற வேறுபாடும் காதில் சரியாக விழாது. குடும்பத்தவர் கையால் எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பரீட்சைப் பெறுபேறுகளைப் பாடசாலை எழுத்தில் தரும் பட்டியலிலிருந்து மட்டும் எடுங்கள். ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ள இருவர் எந்த ஊரிலும் இருப்பார்கள், ஆகவே ஒழுங்கையையோ குறிச்சியையோ சேர்த்துப் போடுங்கள். குழுப்படத்தில் நிற்பவர்களின் பெயரை நிகழ்வு முடிந்த அன்றே இடமிருந்து வலமாக எழுதி வாங்க வேண்டும். ஒரு கிழமை போனால் பின்வரிசையில் நிற்பவர் யாரென்று எவருக்கும் நினைவிருக்காது.

மரண அறிவித்தலில் தனிக் கவனம் வேண்டும். “காலஞ்சென்ற கந்தையா, செல்லம்மா தம்பதியினரின் மகன்” என்று எழுதினால் செல்லம்மா உயிரோடு இருக்கிறாரா இல்லையா? இருவரும் இறந்திருந்தால் “காலஞ்சென்றவர்களான” என்று தொடங்குங்கள். ஒருவர் மட்டும் என்றால் இருவரையும் பிரித்து எழுதுங்கள். உயிரோடு இருக்கும் தாயைக் காலஞ்சென்றவர் ஆக்கிவிட்ட இதழை அந்தக் குடும்பம் மன்னிக்காது, மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது. இறுதி வடிவத்தை வீட்டாரில் ஒருவருக்கு அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே பக்கத்தை மூடுங்கள்.

எழுத்துரு இன்னொரு தொல்லை. ஊரிலிருந்து வரும் கட்டுரைகள் சில பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும், சில இன்று பொதுவாகப் பயன்படும் யூனிகோட்டில் இருக்கும். பாமினியை யூனிகோட்டாக்கும் மாற்றி மென்பொருளில் போடும்போது நடுவே உள்ள ஆங்கில எழுத்துகளும் தமிழாக மாறிக் குழம்பிவிடும். மின்னஞ்சல் முகவரிகள் போவது இப்படித்தான். அவற்றை முன்னமே வெட்டித் தனியே வைத்து, மாற்றிய பிறகு திரும்ப ஒட்டுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் யூனிகோட் தமிழை ஓட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், பந்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவு செய்யுங்கள். அச்சகத்துக்கு எழுத்துரு பதிந்த பிடிஎஃப் மட்டுமே போக வேண்டும். படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். 3 அங்குல அகலத்தில் வரும் படத்துக்குக் குறைந்தது 900 பிக்சல் அகலம் வேண்டும்.

நடுவில் பின் அடிக்கும் இதழில் பக்கங்கள் நாலு நாலாகத்தான் கூடும். கடைசி நேரத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி வந்தால் ஒரு பக்கத்தை மட்டும் சேர்க்க வழியில்லை. அரைப் பக்கம் விட்டுக்கொடுக்கக்கூடிய கட்டுரை ஒன்றை எப்போதும் உள்ளே வைத்திருங்கள்.

கணக்கை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஏ4 அளவில் உள்ளே 24 பக்கம், 300 பிரதி, ஏ3 ஓப்செட் இயந்திரம். ஒரு பிரதிக்கு 6 ஏ3 தாள், ஆக 1,800 தாள். 500 தாள் கொண்ட ரீம் 4 வாங்கினால் 200 தாள் கழிவுக்கு இருக்கும். தாளின் ஒவ்வொரு புறத்துக்கும், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் (அச்சுத் தகடு) வேண்டும். கறுப்பு மட்டும் என்றால் உட்பக்கங்களுக்கு 12 பிளேட். அட்டையின் வெளிப்புறம் நாலு நிறமானால் 4, உட்புறம் கறுப்பானால் 1. மொத்தம் 17. பிளேட் செலவு 300 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஒன்றே. அதனால்தான் 100 பிரதிக்கு ஓப்செட் கட்டுப்படியாகாது, பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சுக்குப் போங்கள்.

உள்ளே நிறப்படம் வேண்டுமானால் ஏ3 தாளின் அந்தப் புறத்துக்கு மேலும் 3 பிளேட். ஆனால் அதே செலவில் இரண்டு பக்கங்கள் நிறமாகும். 24 பக்க இதழில் இலக்கங்களைக் கூட்டினால் 25 வரும் பக்கங்களே ஒரே பிளேட்டில் விழுகின்றன: 4உம் 21உம், 12உம் 13உம். நிற விளம்பரம் தருபவருக்குப் பக்கம் ஒதுக்கும் முன் இந்தச் சோடியைப் பாருங்கள். உள்ளே 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாள் போதும், 70இல் மறுபக்கத்து எழுத்து தெரியும். அட்டைத் தாளின் நார் முதுகு மடிப்புக்கு இணையாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் மடிப்பு வெடிக்கும்.

கார்த்திகை, மார்கழியில் அச்சகங்கள் கலண்டர், டயறி வேலையில் மூழ்கியிருக்கும். தேர்தல் வந்தால் சுவரொட்டிதான். சித்திரைப் புத்தாண்டுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சித்திரை இதழ் பங்குனி நடுவிலேயே அச்சுக்குப் போகட்டும்.

செய்திக்கு நல்ல ஊற்று ஒன்றைப் பல இதழ்கள் தொடுவதே இல்லை. ஊர் வீதிக்குப் பிரதேச சபை எவ்வளவு செலவழித்தது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். கையளித்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். கிடைக்கும் தொகையை அப்படியே அச்சிடுங்கள், ஊர் அதைப் படிக்கும். கோயில் நிர்வாகப் பிணக்கென்றால் இரு தரப்பின் பதிலும் எழுத்தில் வராமல் ஒரு வரியும் போடாதீர்கள். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும் நட்டஈட்டு வழக்கு இன்னும் இருக்கிறது.

தொடர்ந்து வெளிவரும் செய்தி இதழைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பதிய வேண்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்கள் ஒவ்வொரு இதழிலும் இருக்கட்டும்.

பிரதிகளை 25 ஆகக் கட்டி, ஒவ்வொரு கட்டையும் பொலித்தீனில் சுற்றுங்கள். மாரியில் பஸ்ஸின் பொதிப்பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். அனுப்பும் முன் ஒரு பிரதியையும் பிடிஎஃப்பையும் நூலகம் நிறுவனத்துக்கென்று எடுத்து வையுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை எண்ணிமமாக்கிவரும் அந்த இடத்தில் ஊர் இதழ்களுக்கும் இடமுண்டு.