கடிகாரச் சுருள்வில்லும் ஒன்ட்டா தட்டும்

ஒருவழியாகச் சக்கரத்தில் சுழலும் களிமண் தட்டின் நடுவிலிருந்து விளிம்பு வரை தகட்டின் கொத்து அறுபடாமல் விழுந்துவிட்டது. இன்னும் கிளேஸ் (சுட்டால் கண்ணாடியாகும் பூச்சு) போடவில்லை, சூளைக்கும் போகவில்லை. இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானில் இருக்கிற ஒன்ட்டா என்ற குயவர் ஊரின் பாணியில் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடும் கெட்டி மண்பாண்டம்) தட்டு, 21 செ.மீ. அகலம். சிகராகி சிவப்பு மண், மேலே வெள்ளைக் களிமண் பூச்சு, அதன்மேல் தோபிகன்னா: சுழலும் தட்டில் வளைந்த எஃகுத் தகடு துள்ளித் துள்ளிப் பூச்சைக் கொத்த, அடியில் இருக்கும் சிவப்பு மண் வரிசை வரிசையாகத் தெரியும் வேலைப்பாடு. வனைவதும் பூசுவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். என் உயிரை வாங்கியது அந்தத் தகடுதான்.

இதற்கென்றே கடையில் விற்கிற கருவி சுத்த வீண். எஃகு தடிமன், துள்ளாது, சுரண்டும். ஹேக்ஸா பிளேடு அதைவிட விறைப்பு. பெட்டி கட்டுகிற இரும்புப் பட்டை நன்றாகவே துள்ளும், ஆனால் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். ஒன்ட்டாக்காரர்கள் பழைய கடிகாரத்தின் சுருள்வில்லை வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்றால் சும்மாவா? ஃபுகுவோகாவில் பழம்பொருள் சந்தையில் ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். கழற்றும் முன் வில்லின் இறுக்கத்தை முழுக்கத் தளர்த்திவிடுங்கள்; இல்லையென்றால் கையைக் கிழித்துவிடும்.

வளைப்பதில்தான் சூட்சுமம். சூடாக்காமல் வளைத்தால் பட்டென்று முறியும். முனையில் ஒரு சென்டிமீட்டரை மட்டும் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி மடக்க வேண்டும். மீதிப் பகுதியில் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும். அங்கே சூடு ஏறினால் வில்லின் துள்ளல் செத்துவிடும். அப்புறம் முனையை அரத்தால் தீட்டுவது. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் தீட்டுகிறேன்.

எந்தக் கோணத்தில் பிடிப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கோணத்தைவிட, விரலுக்கு வெளியே எவ்வளவு தகடு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். நீளமாக விட்டால் நிதானமாகத் துள்ளும், கொத்துகள் தள்ளித் தள்ளி விழும். குட்டையாகப் பிடித்தால் நெருக்கமாக விழும். சக்கரத்தின் வேகமும் இதில் சேரும்: நடுவில் மண் மெதுவாக நகர்வதால் கொத்துகள் நெருங்கும், விளிம்புக்குப் போகப் போக விலகும். ஓரளவு விலகுவதுதான் அழகு. அதற்குமேல் போனால் பெடலைத் தளர்த்த வேண்டியதுதான். கை அழுத்தவே கூடாது. மொத்த வேலையும் எஃகுடையது. நாம் குறுக்கே போகாமல் இருந்தால் போதும்.

பூச்சின் பதம் இன்னொரு தலைவலி. ஈரம் இருந்தால் தகடு இழுபட்டு நாடா நாடாவாகச் சீவும். காய்ந்துவிட்டால் வெள்ளை செதில் செதிலாகப் பெயரும். தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது, நகம் வைத்தால் பதிய வேண்டும். பட்டறையில் ஆளாளுக்கு ஹேர் டிரையரை நீட்டுகிறார்கள். விளிம்பு மட்டும் காய்ந்து நடு அப்படியே இருக்கும். வேண்டாம் சாமி.

ஹிட்டா நகரத்து மலைக்குள் இருக்கிற ஒன்ட்டாவுக்குப் போய்ப் பார்த்ததில்தான் இதெல்லாம் புரிந்தது. 1705-ல் இன்னொரு குயவர் ஊரான கொய்ஷிவாராவிலிருந்து வந்த குயவர் தொடங்கி வைத்த ஊர். ஓடைத் தண்ணீர் நிரம்பி நிரம்பிக் கவிழும் மர உலக்கைகள் இன்றும் மண்ணை இடிக்கின்றன. அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். சக்கரம் காலால் உதைப்பது. பானையில் குயவர் பெயரும் இருக்காது. 1954-ல் பிரிட்டிஷ் குயவர் பெர்னார்ட் லீச் வந்து தங்கிய ஊர் என்பதால் பெயர் பரவிவிட்டது. ஆனாலும் அங்கே செய்வது சோறு, ஊறுகாய், தேநீர் என்று வீட்டுக்கு வேண்டிய பாத்திரங்கள்தான். நான் பார்த்த குயவர் ஒரு தட்டு முழுவதையும் சில நொடிகளில் கொத்தி முடித்து அடுத்ததை எடுத்துவிட்டார். வயிற்றெரிச்சலாக இருந்தது.

இனி கிளேஸ். அங்கே பச்சை மண்ணிலேயே கிளேஸ் பூசி ஒரே சூட்டில் சுட்டுவிடுகிறார்கள். எங்கள் பட்டறையில் அதற்கு அனுமதி இல்லை, கிளேஸுக்கு முன்னால் ஒருமுறை சுடுவது கட்டாயம். சரி, போகட்டும். தெளிந்த கிளேஸின் மேல் செம்புப் பச்சையை விளிம்பிலிருந்து வழியவிட ஆசை. அது ஓடிப்போய்க் கொத்தை மூடிவிடுமோ என்று பயம், அதனால் சோதனைத் துண்டுகள் முதலில். இதற்குள் ஊறுகாய் ஜாடிக்கும் மண் பிசைந்து வைத்துவிட்டேன். ஜாடியின் வளைந்த தோளில் தகடு எப்படித் துள்ளும் என்று பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் குறுகலான தகடு வெட்டியாக வேண்டும்.

சுருள்வில்லில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. ஃபுகுவோகா பக்கம் யாருக்காவது வேண்டுமானால் கேளுங்கள், ஒரு துண்டு வெட்டித் தருகிறேன். வளைப்பது உங்கள் பாடு.