எக்ஸ்ஆர்டிபி மேசையிலும் பாஸ்வேர்ட் இல்லாமல் பென் டிரைவ் திறக்கிறது

கடைசியில் மூன்று மேசையிலும் வேலை செய்கிறது. பென் டிரைவைச் செருகி, பக்கப்பட்டையில் வரும் பெயரைச் சொடுக்கினால் திறக்கிறது. அட்மின் பாஸ்வேர்ட் கேட்டு யாரும் எனக்கு போன் போடுவதில்லை. யாருக்கும் சூடோ (அட்மின் கட்டளைகளை ஓட்டும் உரிமை) கொடுக்கவும் இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம். நடந்துவிட்டது.

இடத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் சிக்கல் புரியும். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், உறவினர் வீட்டு முகப்பில் சின்னதாக ஒரு படிப்பகம் நடத்துகிறோம். பெட்டகத்தில் கிடக்கும் பழைய காகிதங்களை ஊர்க்காரர்கள் கொண்டுவருவார்கள்: ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள், பேரேடு, மொய்ப்பண ஏடு, இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்), கல்யாணப் படங்கள். ஸ்கேன் செய்து, ஒரு நகலை அவர்கள் பென் டிரைவிலேயே போட்டுக் கொடுத்துவிடுகிறோம். வைஃபையில் அனுப்பலாமே என்று கேட்பவர்கள் செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பார்த்ததில்லை. முகப்பில் ரௌட்டர் வைத்தால் வளவு தாண்டி இரண்டாம் கட்டுக்குள் சிக்னல் போகாது. ஸ்கேன் கோப்புகளும் பெரியவை. ஆக எல்லாப் போக்குவரத்தும் பென் டிரைவில்தான்.

நடு மேசையில் ஸ்கேனரோடு ஒரு டெஸ்க்டாப், அதில் லினக்ஸ் மின்ட் 21 இயங்குதளம். இரண்டு பக்கமும் பழைய சின்னக் கணினிகள். அவற்றில் தனியாக எதுவும் ஓட்ட முடியாது என்பதால் கேபிள் போட்டு, எக்ஸ்ஆர்டிபி (ஒரு கணினியை இன்னொரு கணினியின் திரையிலிருந்து இயக்க வைக்கும் மென்பொருள்) வழியாக நடு மேசைக் கணினிக்குள்ளேயே நுழைய வைத்திருக்கிறேன். யுஎஸ்பி ஹப் நடு மேசையில் இருக்கிறது. யார் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் பென் டிரைவை அந்த ஹப்பில்தான் செருகுவார்கள்.

நடு மேசையில் உட்கார்ந்தால் எல்லாம் சுகம். பக்க மேசைகளில் அதே பென் டிரைவைச் சொடுக்கினால் உடனே பாஸ்வேர்ட் பெட்டி. "தம்பி, இது என்னமோ அட்மின் அட்மின்னு கேக்குது" என்று படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி அடிக்கடி கூப்பிடுவார். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டால் அந்த நிமிடமே பிரச்சினை தீரும். ஆனால் அதே பாஸ்வேர்டில் மொத்த ஸ்கேன் சேமிப்பையும் அழிக்கலாம். அந்த வழிக்கு நான் போகவே இல்லை.

எஃப்எஸ்டேப்பில் (எந்த டிரைவை எங்கே மவுண்ட் செய்வது, அதாவது திறக்கும்படி இணைப்பது, என்று சொல்லும் கோப்பு) வரி எழுதி "யூசர்" ஆப்ஷன் கொடுக்கும் பழைய வைத்தியம் இங்கே பயன்படாது. நமக்குத் தெரிந்த ஒரே டிரைவ் என்றால் சரி. ஊரே கொண்டுவரும் டிரைவ்களுக்கு யுயுஐடி (ஒவ்வொரு டிரைவுக்கும் உள்ள தனி அடையாள எண்) எப்படி எழுதுவது? எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் டிரைவுக்கு வைக்கும் பெயர்களும் செருகும் வரிசையைப் பொறுத்து மாறும். "யூசர்" என்று போட்டால் மவுண்ட் செய்த ஆளேதான் கழற்ற வேண்டும், "யூசர்ஸ்" என்று போட்டால் யார் வேண்டுமானாலும் கழற்றலாம். இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. சொந்த ஹார்ட் டிஸ்குக்கு இன்றும் நான் எஃப்எஸ்டேப்தான் பயன்படுத்துகிறேன். ஃபேட் வகை டிரைவ் என்றால் அந்த வரியில் யுடிஎஃப் 8 ஆப்ஷனையும் சேர்த்துவிடுவேன், தமிழில் வைத்த கோப்புப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடக் கூடாது என்பதற்காக. பக்கப்பட்டையில் சொடுக்கும் டிரைவை மவுண்ட் செய்யும் யுடிஸ்க்ஸ் என்ற சேவை அதைத் தானே சேர்த்துக்கொள்கிறது.

சரி, யுடிஸ்க்ஸுக்கு வருவோம். மவுண்ட் வேலையை ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) பின்னணியில் ஓடும் யுடிஸ்க்ஸ் டீமன் செய்கிறது. செய்யலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது போல்கிட் என்ற அனுமதிச் சேவை. போல்கிட் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கிறது: கணினியின் எதிரே உட்கார்ந்து இப்போது திரையைப் பிடித்திருப்பவர், எதிரே லாகின் செய்துவிட்டு வேறொருவருக்குத் திரையை விட்டுவிட்டவர், மற்ற எல்லாரும். கழற்றக்கூடிய டிரைவை மவுண்ட் செய்ய முதல் ஆளுக்கு மட்டும் "சரி". மற்ற இரண்டு நிலைகளுக்கும் அட்மின் பாஸ்வேர்ட். பிகேஆக்‌ஷன் கட்டளையை விரிவாகக் காட்டும் ஆப்ஷனோடு ஓட்டினால் இந்த மூன்றும் வரிசையாக வரும். முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

எக்ஸ்ஆர்டிபியில் வருபவர் அந்த மூன்றாவது ரகம். லாகின்சிடிஎல் கட்டளை காட்டும் செஷன் (யார் யார் லாகின் ஆகியிருக்கிறார்கள்) பட்டியலில் நடு மேசைக்காரருக்கு "சீட் 0" என்று இருக்கும். சீட் என்றால் கணினியோடு நேரடியாக இணைந்த திரை, கீபோர்ட், போர்ட் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. பக்க மேசைக்காரருக்குச் சீட் என்ற இடம் காலியாக இருக்கும். சீட் இல்லாதவர் போல்கிட் கணக்கில் உள்ளூர் ஆளே கிடையாது, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும். எக்ஸ்ஆர்டிபி ஓட்டுபவர்களுக்கு லாகின் ஆனதும் வந்து நிற்கும் கலர் ப்ரொஃபைல் பாஸ்வேர்ட் பெட்டி நன்றாகப் பழக்கமாக இருக்கும். அதற்கும் மூல காரணம் இதுவேதான்.

அப்படியென்றால் ஒரு விதி எழுதினால் முடிந்தது என்று தோன்றும். இங்கேதான் நான் கிடந்து உழன்றேன்.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான உதாரணங்கள் ஜாவாஸ்கிரிப்ட் வடிவ விதிகள். ரூல்ஸ் டாட் டி அடைவில் ஒரு கோப்பு, உள்ளே ஒரு ஃபங்ஷன், குழுவில் இருந்தால் "யெஸ்" என்று திருப்பி அனுப்பு. அழகான முறைதான். ஆனால் அந்த வடிவம் 2012இல் வந்த போல்கிட் 0.106இலிருந்துதான் உண்டு. டெபியனும் அதை ஒட்டிய உபுண்டுவும் நெடுங்காலம் 0.105இலேயே நின்றன. டெபியன் 2023இல் 12ஆம் பதிப்பில்தான் மாறியது. மின்ட் 21 உபுண்டு 22.04ஐ அடித்தளமாகக் கொண்டது, அதில் 0.105தான். அந்தப் பதிப்பு ரூல்ஸ் கோப்பைப் படிப்பதே இல்லை. பிழைச் செய்தி கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது. அரைப்புள்ளி விட்டிருக்கிறதா, கோப்பின் உரிமை சரியா, பெயரின் முன்னால் எண் வேண்டுமா என்று நாம் பாட்டுக்குத் தேடிக்கொண்டிருப்போம். ஆகவே உங்கள் கணினியில் எதைத் தொடுவதற்கு முன்பும் போல்கிட் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 0.105 என்றால் லோக்கல் அத்தாரிட்டி அடைவுக்குள் இருக்கும் 50-லோக்கல் டாட் டியில் பிகேஎல்ஏ கோப்புதான் (பழைய வடிவ விதிக் கோப்பு) எழுத வேண்டும். மின்ட் 22, டெபியன் 12 என்றால் ஜாவாஸ்கிரிப்ட். டெபியன் 12இல் பழைய பிகேஎல்ஏ கோப்பு வேலை செய்ய வேண்டுமானால் அதற்கென்றே இருக்கும் தனிப் பொதியை நிறுவ வேண்டும்.

பிகேஎல்ஏ எழுதியதும் அடுத்த சுவர். கிடைக்கும் உதாரணங்களில் "ரிசல்ட் ஆக்டிவ்" என்ற வரி மட்டும் இருக்கும். அது எதிரே உட்கார்ந்தவருக்கானது, அவருக்கு ஏற்கெனவே அனுமதி உண்டு. சீட் இல்லாதவருக்கு "ரிசல்ட் எனி" என்ற வரிதான் பேசும். "இனாக்டிவ்" வரி கூட இங்கே உதவாது.

அதையும் சேர்த்த பிறகும் பெட்டி வந்தது. இந்த முறை அந்தப் பெட்டியில் விவரம் என்ற இடத்தைத் திறந்து, எந்தச் செயலுக்கு அனுமதி கேட்கிறது என்று சொல்லும் ஆக்‌ஷன் பெயரைப் படித்ததில் விடை கிடைத்தது. நான் அனுமதித்திருந்தது "ஃபைல்சிஸ்டம்-மவுண்ட்". யுடிஸ்க்ஸ் கேட்டது "ஃபைல்சிஸ்டம்-மவுண்ட்-அதர்-சீட்". டிரைவ் ஒரு சீட்டுக்குச் சொந்தம், கேட்கும் ஆள் அந்தச் சீட்டில் இல்லை என்றால் யுடிஸ்க்ஸ் ஆக்‌ஷனையே மாற்றிக் கேட்கிறது. ஹப் சீட் 0இல் இருக்கிறது, பக்க மேசைக்காரருக்குச் சீட்டே இல்லை. இரண்டு பெயர்களையும் அரைப்புள்ளி போட்டு ஒரே வரியில் கொடுத்து, ரீடர்ஸ் என்று ஒரு குழு உண்டாக்கி அதற்கு மட்டும் அனுமதித்தேன். பெட்டி வரவில்லை. டிரைவ் திறந்தது. எஸ்எஸ்எச்சில் (வேறு கணினியிலிருந்து கட்டளை வரி வழியாக) நுழைந்து டிரைவ் மவுண்ட் செய்ய நினைப்பவர்களும் முட்டிக்கொள்வது இதே இடத்தில்தான்.

"ஃபைல்சிஸ்டம்-மவுண்ட்-சிஸ்டம்" என்று மூன்றாவது ஒன்று உண்டு. அதைத் தொட வேண்டாம். அது உள்ளே இருக்கும் சாட்டா டிஸ்குகளுக்கானது. யுடிஸ்க்ஸிடம் டிரைவ் விவரம் கேட்டால் "ஹின்ட் சிஸ்டம்" என்ற வரி வரும். அது ட்ரூ என்று இருந்தால் இந்த ஆக்‌ஷன்தான். ஸ்கேன் சேமிப்பு இருக்கும் டிஸ்க் அப்படிப்பட்டதுதான். உதாரணங்களில் நட்சத்திரக் குறி போட்டு யுடிஸ்க்ஸின் எல்லா ஆக்‌ஷனையும் திறந்துவிடுகிறார்கள். அதில் ஃபார்மட் செய்வதும் அடக்கம். படிப்பகம் போன்ற பொது இடத்தில் அப்படிச் செய்வது ஆபத்து என்றே சொல்வேன்.

விதி எழுதும் முன் அப்டேட்டையும் போட்டுவிடுங்கள். போல்கிட்டின் பிகேஎக்ஸெக் கட்டளையில் 2009இலிருந்தே இருந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தது. 2025 ஜூனில் யுடிஸ்க்ஸும் அது பயன்படுத்தும் லிப்பிளாக்டெவ் நிரல் நூலகமும் சேர்ந்த இன்னொன்று: எதிரே உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆள் ரூட் ஆகிவிட முடியும் என்று காட்டினார்கள். இரண்டுக்கும் திருத்தம் வந்துவிட்டது. பழைய கணினிதானே என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். யுடிஸ்க்ஸ் தானாக மவுண்ட் செய்யும் டிரைவில் எப்போதும் நோசூயிட், நோடெவ் (டிரைவில் உள்ள கோப்பு வழியாக யாரும் ரூட் அதிகாரம் பெறாமல் தடுக்கும் ஆப்ஷன்கள்) இரண்டையும் சேர்க்கிறது. எஃப்எஸ்டேப்பில் கையால் எழுதும்போது அதை நீக்கிவிடாதீர்கள்.

எல்லாம் திறந்த பிறகு ஒரு வேடிக்கையான சண்டை மிச்சம் இருந்தது. பக்க மேசைக்காரர் செருகும் டிரைவை நடு மேசை முந்திக்கொண்டு தானாக மவுண்ட் செய்துவிடும். மவுண்ட் ஆன அடைவு அந்தந்த ஆளின் பெயரில், அவருக்கு மட்டும் அனுமதியோடு உருவாகிறது. ஆக டிரைவ் கண்ணுக்குத் தெரியும், திறக்க முடியாது. நடு மேசையில் தானாக மவுண்ட் ஆகும் அமைப்பை நிறுத்தினேன். இப்போது யார் சொடுக்குகிறாரோ அவருக்கே டிரைவ். யுடெவ் (செருகும் சாதனங்களைக் கவனிக்கும் சேவை) விதி ஒன்று போட்டு எல்லாருக்கும் பொதுவான இடத்தில் மவுண்ட் ஆகச் செய்யலாம்தான். ஆனால் ஒருவர் வீட்டுப் படங்களைப் பக்கத்து மேசைக்காரர் பார்க்க வேண்டியதில்லை. அதே காரணத்தால் அடுத்தவர் மவுண்ட் செய்ததைக் கழற்றும் அனுமதியையும் கொடுக்கவில்லை.

இந்த வேலையில் ஹப்புக்குத் தனி அடாப்டர் இருப்பது கட்டாயம். யுஎஸ்பி 2 போர்ட் கொடுப்பது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 கொடுப்பது 900. அடாப்டர் இல்லாத ஹப்பில் அதைப் பங்கு போட்டால் பழைய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட்டுவிட்டு மறைந்துவிடும். நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பார்சலில் வரவழைத்தேன். பென் டிரைவ் மட்டும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். ஒருவர் கொண்டுவந்த டிரைவை எஃப் 3 என்ற கொள்ளளவைச் சோதிக்கும் கருவியில் சோதித்தால் மேலே எழுதியிருந்த கொள்ளளவில் சின்னப் பங்குதான் உண்மை. மிச்சத்தில் எழுதியதெல்லாம் காற்றில் போயிருக்கும். ரங்கூன் கடிதத்தின் ஒரே நகல் அதில் இருந்திருந்தால்? இப்போது புது டிரைவ் எது வந்தாலும் முதலில் எஃப் 3, பிறகுதான் ஸ்கேன்.

இதில் நான் இவ்வளவு மெனக்கெடுவதற்கு ஒரு காரணம் கோட்டையூர். ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் அங்கே சேர்த்த புத்தகங்களும் துண்டுக் காகிதங்களும்தான் அவர் காலத்துக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தன. நம் பக்கத்து வீட்டுப் பெட்டகங்களில் இன்னும் எவ்வளவோ கிடக்கின்றன. நகலெடுக்க வருபவர் ஒரு பாஸ்வேர்ட் பெட்டியைப் பார்த்து அலுத்துத் திரும்பிப் போகக் கூடாது.

பக்க மேசைகளில் டிரைவை நிறுத்தும் பவர்-ஆஃப் பொத்தான் இன்னும் சரியாகவில்லை. அன்மவுண்ட் ஆகிறது, ஆனால் ஹப்பில் விளக்கு அணையாமல் இருப்பதால் எடுக்கலாமா என்று ஆச்சி ஒவ்வொரு முறையும் கேட்கிறார். அதற்கு வேறு ஆக்‌ஷன் இருக்கிறது, அதிலும் அதர்-சீட் என்று ஒன்று தனியாக உண்டு. அதைச் சேர்ப்பதற்குள் மனது வேறு பக்கம் போய்விட்டது: எக்ஸ்ஆர்டிபியையே விட்டுவிட்டு உண்மையான மல்டிசீட் போட்டால் என்ன? இன்னொரு கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு மேசைக்கு ஒரு ஹப், லாகின்சிடிஎல்லில் அந்த இரண்டையும் சீட் 1க்கு ஒதுக்கிவிட்டால் அங்கே உட்காருபவரும் எதிரே உட்கார்ந்தவர் ஆகிவிடுவார். இந்த விதிகள் எதுவுமே தேவைப்படாது. என் டெஸ்க்டாப் ஒல்லியான பெட்டி, லோ ப்ரொஃபைல் கார்டுதான் உள்ளே போகும். மின்ட்டில் தனி டிரைவர் நிறுவாமல் வேலை செய்யும் பழைய கார்டு எதையாவது இப்படி இரண்டாவது சீட்டுக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் மாடல் எண்ணைச் சொல்லுங்கள். அடுத்த பார்சலோடு சேர்த்து வரவழைத்துவிடுகிறேன்.