கணுக்கால் சுளுக்கு: வலி போன பிறகுதான் வேலை

பஸ் படியில் இறங்கும்போதோ ஷட்டில் ஆடும்போதோ பாதம் உள்பக்கமாக மடங்குகிறது. வெளிப்பக்கக் கணு எலும்புக்குக் கீழே கொஞ்ச நேரத்தில் எலுமிச்சம்பழம் போல வீக்கம். கணுக்கால் சுளுக்கில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். கணு எலும்பைப் பாதத்தோடு பிணைக்கும் லிகமென்ட்களில் முன்பக்கம் இருப்பது முதலில் கிழியும்.

எக்ஸ்ரே வேண்டுமா என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் ஒரு விதி வகுத்தார்கள். இரண்டு கணு எலும்புகளின் நுனியிலோ பின்விளிம்பில் 6 செ.மீ. உயரம் வரையோ அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்தும் எலும்பிலும், உள்பக்க வளைவின் உச்சியிலுள்ள எலும்பிலும் அதே சோதனை. அடிபட்டவுடனும் சரி, டாக்டரிடம் போன பிறகும் சரி, நான்கு அடி வைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு இந்த விதியை நம்பக் கூடாது. எலும்பு முறிந்தாலும் அவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம். கெண்டைக்கால் நடுவில் இரண்டு எலும்புகளையும் சேர்த்து அழுத்தும்போது கணுவுக்கு மேலே வலித்தால், அது வேறு வகைச் சுளுக்கு. ஆற நாளாகும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

முதல் மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், சுளுக்கு எடுக்கிறவரிடமும் போகாதீர்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது தேய்ப்பதும் சூடு வைப்பதும் வீக்கத்தைத்தான் கூட்டும். கிரேப் பேண்டேஜை விரல் அடியில் தொடங்கி மேல்நோக்கி, ஒரு சுற்று அடுத்ததைப் பாதி மூடும்படி சுற்றுங்கள். கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. தலைகீழாகச் சுற்றினால் பாதம் இன்னும் வீங்கும். விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். வலிக்கு ஐஸ் வைக்கலாம்: துணியில் சுற்றி, 10 நிமிடம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைப்பது என்ற சூத்திரத்தை 1978-ல் பிரபலமாக்கிய டாக்டர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-ல் எழுதினார். ஊன்றுகோல் ஒன்றுதான் என்றால் நல்ல கால் பக்கக் கையில் பிடியுங்கள். பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

வலி அனுமதித்தால் இரண்டாம், மூன்றாம் நாளிலேயே அசைவைத் தொடங்கலாம். காலை நீட்டி, கட்டைவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள், நாளைக்கு மூன்று முறை. முழங்கால் அசையக் கூடாது, கணு மட்டும் எழுத வேண்டும்.

நம் ஊரில் பலரும் கவனிக்காத இழப்பு, பாதத்தை மேல்நோக்கி மடக்கும் அசைவு. குதிகால் தரையில் பதிய உட்கார முடியாமல், இந்தியன் டாய்லெட்டில்தான் அது முதலில் தெரியவரும். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே அதிகபட்சம் எத்தனை செ.மீ. வருகிறது? பலருக்கு 10 செ.மீ. பக்கம் வரும். நல்ல காலோடு 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதையே பயிற்சியாக்கி, 10 முறை வீதம் மூன்று சுற்று செய்யுங்கள்.

பலத்துக்கு பழைய சைக்கிள் டியூப் போதும். பாதத்தில் மாட்டி, வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். 15 முறை, மூன்று சுற்று, திரும்பி வரும்போது மூன்று எண்ணி மெதுவாக. எல்லோரும் செய்யும் தவறு, இடுப்பிலிருந்து முழுக் காலையும் திருப்பிவிடுவது. முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டால் ஏமாற்ற முடியாது. அடுத்து குதிகால் தூக்குதல்: முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக்காலில் 20 வரை.

வலி இதற்குள் போயிருக்கும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் பிசியோதெரபியை நிறுத்துகிறார்கள், சில மாதத்தில் அதே கால் மறுபடி மடங்குகிறது. லிகமென்டில் மூட்டின் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன, கிழியும்போது அவையும் பாதிக்கப்படுகின்றன. பாதம் மடங்கத் தொடங்கும் கணத்தில் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும், அது தாமதமாகிறது. சுளுக்குக்குப் பிறகு கால் 'நழுவுவதற்கு' இந்த உணர்வுக் குறைவு காரணம் என்று 1965-லேயே பிரிட்டிஷ் எலும்பு மூட்டு மருத்துவர் ஃப்ரீமேன் எழுதி, ஆடும் பலகையில் நிற்கும் பயிற்சியைக் கொடுத்தார்.

வீட்டில் பலகை வேண்டாம். கதவு நிலையருகே வெறுங்காலோடு ஒற்றைக்காலில் 30 விநாடி, ஐந்து முறை. ஆடாமல் நிற்க முடிந்ததும் கண்ணை மூடி. அடுத்து மடித்த தலையணை மேல். அதன்பின் ஒற்றைக்காலில் நின்றபடி பந்து பிடிப்பது. ஒவ்வொன்றிலும் நல்ல காலோடு ஒப்பிடுங்கள். பல் தேய்க்கும் நேரத்தை இதற்குக் கொடுத்தால் தனி நேரம் தேவையில்லை. வலி நின்ற பிறகும் ஆறு வாரமாவது தொடர வேண்டும்.

விளையாட்டுக்குத் திரும்புமுன் ஒற்றைக்காலில் முன்னும் பக்கவாட்டிலும் குதித்துப் பாருங்கள், எட்டு வடிவில் ஓடிப் பாருங்கள். இறங்கும்போது முழங்கால் உள்ளே சரிந்தாலோ காலை நம்பப் பயமாக இருந்தாலோ இன்னும் நேரமாகவில்லை. ஆட்டத்தின்போது கயிறு கட்டும் பிரேஸை (கணுவைத் தாங்கும் உறை) சில மாதம் போடுவது மறு சுளுக்கைக் குறைக்கிறது. ஹவாய் செருப்பு மட்டும் வேண்டாம், குதிகால் அதில் வழுக்கும்.

ஆறு வாரம் தாண்டியும் வீக்கம் வந்துபோனாலோ, மூட்டு உள்ளே சிக்கிக்கொள்வது போலிருந்தாலோ, சமதரையிலேயே கால் மடங்கினாலோ பயிற்சியைக் கூட்டாதீர்கள். குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டி, எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.