அப்டேட்டட்_அட் வேலையை டிரிக்கரிடம் கொடுத்தோம்

எங்கள் கைக்கு வந்தது ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) எழுதிய ஸ்டாக் மென்பொருள், அடியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். எல்லா டேபிளிலும் வரிசை கடைசியாக மாறிய நேரத்தைக் குறிக்கும் அப்டேட்டட்_அட் ஃபீல்டு உண்டு, அந்த நேரத்தைத் தானாகப் போட மாடலில் ஆட்டோ_நவ் போட்டிருந்தார்கள். கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பின் மாறிய வரிசைகள் மட்டும் ரிப்போர்ட் டேட்டாபேஸுக்குப் போகும்; இந்த வேலைக்கு சிங்க் என்று பெயர். ஆனால் குடோனில் ஒரு இருப்பு, ரிப்போர்ட்டில் வேறொரு இருப்பு என்று புகார் வந்துகொண்டே இருந்தது.

தோண்டிப் பார்த்தால், ஆட்டோ_நவ் வேலை செய்வது சேவ் மெத்தட் வழியாகப் போகும்போது மட்டும்தான். மொத்தமாக விலை மாற்றும் இடத்தில், பல வரிசைகளை ஒரே அடியில் மாற்றும் குவெரிசெட்டின் அப்டேட் இருந்தது. அது நேராக எஸ்க்யூஎல் ஆகிப் போய்விடும், நேரம் மாறாது. சப்போர்ட் ஆட்கள் நேரடியாக டேட்டாபேஸில் திருத்துவது வேறு. ஒவ்வொரு இடமாகத் தேடித் திருத்தலாம்தான். அடுத்த மாதம் புதிதாக வருகிறவர் மறுபடி அதையேதான் எழுதுவார்.

மைஎஸ்க்யூஎல்லாக இருந்தால் ஃபீல்டு வரையறையிலேயே 'ஆன் அப்டேட் கரன்ட்_டைம்ஸ்டாம்ப்' என்று எழுதி முடித்திருக்கலாம். போஸ்ட்கிரெஸில் அது இல்லை, வரிசை மாறும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டும் டிரிக்கர்தான் எழுதவேண்டும். 'லாஜிக்கை டேட்டாபேஸில் ஒளிக்காதே' என்று டீமில் ஒருவர் முறைத்தார். நேரம் குறிப்பது வியாபார லாஜிக் இல்லை என்பது என் கட்சி.

டிரிக்கர் ஒவ்வொரு வரிசைக்கும் 'பிஃபோர் அப்டேட்' ஆக ஓடுகிறது. ஆஃப்டர் என்றால் அது திருப்பித் தரும் வரிசையை போஸ்ட்கிரெஸ் கண்டுகொள்ளாது. பழைய வரிசையும் புதியதும் வேறாக இருந்தால் மட்டும் ஓடும்படி 'வென்' நிபந்தனையும் வைத்தோம். இங்கே ஒரு சிக்கல்: மாடலில் ஆட்டோ_நவ் இருக்கும்வரை ஒவ்வொரு சேவும் புது நேரத்தோடு வரும், வரிசை எப்போதும் வேறாகவே தெரியும். அதனால் ஆட்டோ_நவ்வை எடுத்துவிட்டோம். சேவுக்குப் பின் உண்மையான நேரம் வேண்டுமென்றால் ஆப்ஜெக்டை டேட்டாபேஸிலிருந்து மறுபடி படிக்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சில வரிசைகள் நழுவின. டிரிக்கர் நேரத்தை எடுப்பது போஸ்ட்கிரெஸின் நவ் ஃபங்ஷனிலிருந்து. அது தருவது டிரான்ஸாக்‌ஷன் (ஒன்றாகச் சேர்ந்து நிறைவேறும் மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கிய நேரத்தை. 10:00க்குத் தொடங்கிய பெரிய இறக்குமதி 10:05க்குக் கமிட் ஆகிறது என்று வையுங்கள் (கமிட் ஆகும்வரை மாற்றங்கள் மற்றவர்களுக்குத் தெரியாது). 10:03க்கு ஓடிய சிங்க் அந்த வரிசைகளைப் பார்க்கவே முடியாது. அடுத்த முறை 10:03க்குப் பிந்தியதைத்தான் கேட்கும். 10:00 முத்திரையோடு இருப்பவை அப்படியே விட்டுப்போகும். அந்தந்த நொடியின் நேரத்தைத் தரும் கிளாக்_டைம்ஸ்டாம்ப் போட்டாலும் தப்ப முடியாது, எழுதும் நேரமும் கமிட் நேரமும் வேறுதானே.

இப்போது சிங்க் தொடங்கும்போதே பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி (இப்போது ஓடுபவற்றைக் காட்டும் போஸ்ட்கிரெஸ் பட்டியல்) தரும் எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட் (xact_start) பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸாக்‌ஷன்களில் மிகப் பழையது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம். அடுத்த முறை அங்கிருந்து எடுப்போம். சில வரிசைகள் இரண்டு முறை வரும். பிரைமரி கீயை வைத்து அப்சர்ட் (இருந்தால் மாற்றுவது, இல்லையென்றால் சேர்ப்பது) செய்வதால் பாதகமில்லை.

டெலீட் ஆன வரிசைகள் இதில் சிக்காது. அதற்கு டெலீட்டட்_அட் சேர்க்கும் வேலை தனியாக ஓடுகிறது.