என் மாத்திரையும் அவள் மாத்திரையும்

கல்யாணமாகி மூன்று வருஷம். "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பவர்களிடம் சிரித்துச் சமாளிக்க என் மனைவி பழகிவிட்டாள். எனக்கு அது வரவில்லை. விந்தணு எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் வந்த அன்றே ஆண்களுக்கான சத்து மாத்திரை டப்பா ஒன்றை வாங்கினேன். துத்தநாகம், ஃபோலிக் அமிலம், இன்னும் என்னென்னவோ. சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டும். மருந்துதானே, அப்படித்தான் இருக்கும் என்று விழுங்கினேன்.

பதினைந்தாம் நாளே அடுத்த டெஸ்ட்டுக்குப் போய் நின்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும். இன்றைக்கு வருவது ரெண்டு மூணு மாசத்துக்கு முந்தின சரக்கு. அப்போ உடம்புக்கு ஏதாவது வந்ததா?" வந்தது. டெங்கு. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். கடும் காய்ச்சலே எண்ணிக்கையைக் குறைக்குமாம்.

அப்போ மாத்திரை? விந்தணுவின் மேல்சவ்வில் மீன் எண்ணெயில் இருப்பது போன்ற கொழுப்பு அதிகம். அது எண்ணெய் சிக்குப் பிடிப்பதுபோல எளிதில் கெடும். அதைத் தடுக்கலாம் என்பதுதான் இந்த மாத்திரைகளின் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துச் சோதித்தார்கள். ஆண்களில் பாதிப் பேருக்குத் தினமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும், ஆறு மாதம். 2020இல் முடிவு வந்தது: விந்தணுவின் தரமும் கூடவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவுதான் கூடுதல். சரி, எனக்கு மட்டுமில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே ஃபோலிக் அமிலத்தை அவளுக்கு மட்டும் கட்டாயம் என்று எழுதிக் கொடுத்தார். தினம் 400 மைக்ரோகிராம். கரு உண்டாகி 28 நாளுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆதாரமான குழாய் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் அப்போதுதான் கவனிப்பார்கள். அதனால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஏற்கெனவே இந்தக் குழாய் சரியாக மூடாத குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு, அது மறுபடி வருவது தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலத்தால் 72 சதவீதம் குறைந்ததை 1991இலேயே பிரிட்டன் ஆய்வு காட்டிவிட்டது.

இலைக்கான லத்தீன் சொல்தான் இதன் பெயரில் இருக்கிறது. பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்ததாம். உடனே அத்தைக்குப் பெருமை. அவர் கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுபவர். சத்தில் பாதி அந்தத் தண்ணீரோடு போய்விடும் என்று நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "மாப்ள, கீரத் தண்ணியில ரசம் வச்சிருக்கேன். குடிச்சிட்டுத்தான் போகணும்."

என் மீதி மாத்திரையைத் தூக்கிப் போட்டாயிற்று. டப்பாவில் இப்போது கடுகு இருக்கிறது.